பழைய வால்பேப்பரின் மேலேயே பெயிண்ட் அடிப்பதா, உரித்துவிட்டு அடிப்பதா?

வேலூரில் புது வீடு கட்டியவர்களுக்கு வரவேற்பறையின் ஒரு சுவரிலாவது வால்பேப்பர் ஒட்டிப் பார்க்கும் ஆசை சில ஆண்டுகளுக்கு முன்பு வேகமாகத் தொற்றிக்கொண்டது. சத்துவாச்சாரி, காட்பாடி, பாகாயம் என்று எந்தப் பக்கம் போனாலும் டிவிக்குப் பின்னால் செங்கல் படமோ தங்க நிறக் கொடியோ தென்படும். சி.எம்.சி.க்கு வரும் வெளியூர் நோயாளிகளின் குடும்பங்களுக்கும் வி.ஐ.டி. மாணவர்களுக்கும் அறை வாடகைக்கு விடுபவர்கள், கறை படிந்த சுவரை மறைப்பதற்கென்றே மலிவான தாளை ஒட்டியதும் உண்டு. இப்போது அந்தத் தாள்கள் வெளுத்து, ஓரங்கள் சுருண்டு நிற்கின்றன. அடுத்து என்ன செய்வது என்று உறவினர்களும் அண்டை வீட்டாரும் என்னைக் கேட்கிறார்கள். நான் பெயிண்டர் அல்லன். ஒரு வாடகைப் போர்ஷனில் தாளின் மேல் பெயிண்ட் அடித்துக் கெடுத்துக்கொண்டவன், சொந்த வீட்டில் உரித்து அடித்துப் பிழைத்தவன், அக்கா வீட்டில் உரிக்கக் கூடாத சுவரை உரிக்கச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவன் என்ற தகுதியில் மட்டுமே இதை எழுதுகிறேன்.

## எவற்றைக் கொண்டு எடை போடுவது

பெரும்பாலோர் முதலில் கேட்பது செலவைத்தான். செலவைக் கடைசியில் பார்ப்பதே நல்லது, ஏனென்றால் தாள் சுவரை எப்படிப் பிடித்திருக்கிறது என்பதைப் பொறுத்தே செலவு கூடுவதும் குறைவதும் அமையும். எங்கள் வீட்டுக்கு வேலை செய்த மேஸ்திரி இதை ஒரே வரியில் சொன்னார்: “பெயிண்ட் சுவத்தைப் புடிக்காது சார், தாளைத்தான் புடிக்கும். தாள் சுவத்தைப் புடிச்சிருக்கான்னு மொதல்ல நீங்க பாத்துக்குங்க.”

அதைப் பார்க்கும் வழி எளியது. விரல் முட்டியால் ஒவ்வொரு சாணுக்கும் ஒருமுறை சுவரைத் தட்டிக்கொண்டே போக வேண்டும். தாள் ஒட்டியிருக்கும் இடத்தில் ஒலி கெட்டியாக இருக்கும். பிடி விட்ட இடத்தில் காற்றடைத்த பையைத் தட்டியது போல மெத்தென்று ஒலிக்கும். ஜன்னலுக்குக் கீழும், தரையிலிருந்து 3 அடி உயரம் வரையும், மேற்கு வெயில் படும் சுவரிலும் கூடுதல் கவனம் தேவை. சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டும் நம் ஊர் வெயிலில் மேற்குச் சுவர் இரவு பத்து மணிக்கும் சூடு ஆறாமல் நிற்பதால், பசை தளர்வதும் இணைப்புகள் வாய் பிளப்பதும் அங்கேதான் தொடங்கும். தட்டியதில் பத்தில் ஓரிரு இடம் மட்டும் பிடி விட்டிருந்தால் ஒட்டிச் சரிசெய்யலாம். மூன்று நான்கு இடத்துக்கு மேல் போனால் அந்தத் தாளை நம்ப வேண்டாம்.

இரண்டாவது அளவுகோல் ஓதம். பீரோவுக்குப் பின்னால், கண்ணில் படாத இடத்தில், ஓர் அடிக்கு ஓர் அடி தாளை வெட்டி எடுங்கள். வெறும் சுவரின் மேல் தடித்த பாலிதீன் தாள் ஒன்றை வைத்து நான்கு ஓரங்களையும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி, ஒரு முழு நாள் விட்டுவிடுங்கள். மறுநாள் பாலிதீனின் உட்புறம் நீர் முத்துக்கள் அரும்பியிருந்தாலோ, அதற்குள் இருக்கும் சுவர் கருத்திருந்தாலோ ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது என்று பொருள். உப்புத் தண்ணீரில் பூசிய சுவரானால், தாளை எடுத்தவுடனேயே வெள்ளைப் பொடியாக உப்புப் பூத்திருப்பதும் தெரியும். இந்தச் சோதனையில் தோற்ற சுவருக்குத் தாளை வைத்துக்கொள்ளும் யோசனையே வேண்டாம். வினைல் தாள், அதாவது பிளாஸ்டிக் பூச்சுள்ள தாள், சுவருக்கு மழைக்கோட்டு போட்டது போல. உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பசையில் கரும்பூஞ்சணம் பிடிக்கும். அதன் மேல் பெயிண்டும் ஏறினால் இருக்கும் கொஞ்ச வழியும் அடைபட்டுவிடும்.

மூன்றாவது, தாள் எந்த வகை என்பது. ஒரு சொட்டுத் தண்ணீரைத் தாளின் மேல் வைத்துச் சில நிமிடம் பொறுத்தால் தெரிந்துவிடும். உறிஞ்சிக் கருத்தால் அது காகிதம். முத்துப் போல அப்படியே நின்றால் மேலே வினைல் பூச்சு இருக்கிறது. பின்புறம் பசையோடு வரும் ஸ்டிக்கர் வகையும், அழுத்தினால் அமுங்கும் செங்கல் வடிவ ஃபோம் தாளும் தனி இனங்கள். இவ்விரண்டின் மேலும் பெயிண்ட் அடிப்பது வீண் வேலை என்பதால் இனி அவற்றைப் பற்றிப் பேசப் போவதில்லை.

நான்காவது, அந்த அறையை இன்னும் எத்தனை ஆண்டு இப்படியே வைத்திருக்கப் போகிறீர்கள் என்பது. ஐந்தாவது, மனம் மாறினால் திரும்பி வர எவ்வளவு செலவாகும் என்பது. இந்த ஐந்தாவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, நானும் எடுக்கவில்லை.

## வழி 1: தாளின் மேலேயே பெயிண்ட்

இதன் கவர்ச்சி வெளிப்படையானது. உரிக்க வேண்டாம், அறை முழுவதும் பட்டி (சுவரை மட்டமாக்கப் பூசும் மாவு) பார்க்க வேண்டாம், உப்புத்தாள் தேய்த்த தூசி வீடெங்கும் படியாது, நான்கு நாளில் அறையைத் திரும்பப் பயன்படுத்தலாம்.

தோட்டப்பாளையத்தில் எங்களுக்கு ஒரு சிறிய போர்ஷன் உண்டு. திங்கட்கிழமை ஆள் குடிவர வேண்டும் என்ற அவசரத்தில், பூப்போட்ட காகித வால்பேப்பரின் மேல் ஐவரி நிறம் அடிக்க ஒருவரை அமர்த்தினேன். அவர் வழக்கம்போல வாட்டர் பேஸ் பிரைமரை (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) தண்ணீர் கலந்து அடித்தார். மாலையில் சுவர் வழவழவென்று இருந்தது. காலையில் போய்ப் பார்த்தால் அப்பளம் பொரிந்தது போல எங்கு பார்த்தாலும் உப்பல். பிரைமரில் இருந்த தண்ணீர் தாளுக்குள் இறங்கிப் பழைய பசையை மறுபடியும் இளக்கிவிட்டது. காயக் காயப் பாதி உப்பல் தானாக அமுங்கியது. மீதியை பிளேடால் கீறி, பசை வைத்து அழுத்தி, இரண்டு கோட்டிங் ஏற்றினோம். ஒரு வாரம் கழித்து, பழைய சிவப்புப் பூக்களின் சாயம் ஐவரியைத் தாண்டி இளஞ்சிவப்புத் திட்டாக வெளியே வந்தது. இரவில் டியூப் லைட் போட்டால், பகலில் தெரியாத அத்தனை கீறலும் இணைப்பும் பக்கவாட்டு வெளிச்சத்தில் வரிவரியாகத் தெரிந்தன.

முறையாகச் செய்வதென்றால் இந்த வழி அவ்வளவு சுருக்கமானதல்ல. வழக்கமான ரோல் 21 அங்குல அகலமும் 33 அடி நீளமும் உடையது. 12க்கு 10 அடி அறையின் சுற்றளவு 44 அடி, அதாவது 528 அங்குலம். அதை 21 அங்குலத்தால் வகுத்தால் 25 பட்டைகள் வரும். பத்தடி உயரத்துக்கு 25 இணைப்புகள் என்றால் 250 அடி. கதவு, ஜன்னலைக் கழித்தாலும் 200 அடிக்குக் குறையாத இணைப்புகளை ஒவ்வொன்றாக ஒட்டி, அக்ரிலிக் பட்டியை மெல்லிசாக இழுத்து, காய்ந்தபின் தேய்த்து மட்டமாக்க வேண்டும். வெள்ளைச் சிமெண்ட் பட்டி இதற்கு ஆகாது. தாளின் மேல் அது பிடிக்காமல் பெயர்ந்துவிடும். அதன் பிறகு ஆயில் பேஸ் பிரைமர் அடிக்க வேண்டும். அது பசையை இளக்காது, சாயத்தையும் பெருமளவு தடுக்கும். டர்பன்டைன் வாடை இரண்டு நாள் போகாது என்பதால் ஜன்னல்களைத் திறந்துவைப்பதும், அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி எதுவும் அருகில் இல்லாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம். குழந்தைகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் அந்த நாட்களில் வேறு அறையில் படுக்கட்டும். பிரைமர் நன்றாகக் காய்ந்த பிறகு எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர்ப் பெயிண்ட்) இரண்டு கோட்டிங். முழு அறைக்கும் இறங்கும் முன் இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் மட்டும் செய்து, இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பது என்னைப் போன்ற அவசரக்காரர்களுக்கு உயிர்காக்கும்.

மறைந்திருக்கும் செலவு பின்னால் வருகிறது. பெயிண்ட் ஏறிய தாளைப் பிற்காலத்தில் உரிக்க நேர்ந்தால், தண்ணீர் உள்ளே இறங்காது. சுவர் முழுவதும் கீறிக் கீறி நனைக்க வேண்டும். தாளும் முழுசாக வராமல் நகத்தளவு துண்டுகளாகப் பெயரும். தோட்டப்பாளையம் போர்ஷனில் அடுத்த ஆண்டு நான் அதைத்தான் செய்ய நேர்ந்தது; ஒரு சுவருக்கு ஓர் ஆளின் முழு நாள் கூலி போயிற்று. முதலிலேயே உரித்திருந்தால் அதில் பாதிகூட ஆகியிருக்காது.

ஆனாலும் இந்த வழி பொருந்தும் இடங்கள் உண்டு. தாள் கெட்டியாக ஒட்டி, சுவர் உலர்ந்து, ஓரிரு ஆண்டில் எப்படியும் அறையை இடித்து மாற்றப்போகிறோம் என்ற நிலையில் இதுவே சரி. வீட்டுக்காரரின் ஒப்புதலோடு சிறிது காலம் மட்டும் குடியிருப்பவர்களுக்கும் இது போதும். இன்னோர் இடத்தைக் கீழே சைதாப்பேட்டைக் கதையில் சொல்கிறேன்.

## வழி 2: முழுவதும் உரித்து, பட்டி பார்த்து, பெயிண்ட்

உழைப்பு மிகுந்த வழி இது. வேலூர்ப் பக்கத்து வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு நான் சொல்வதும் இதையே.

முதலில் அந்த அறையின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு சுவிட்ச் பலகைகளை மூடிக் கட்ட வேண்டும், ஏனென்றால் அடுத்து சுவரில் தண்ணீர் தெளிக்கப் போகிறோம். வினைல் தாளானால் மேல்தோலை ஒரு மூலையிலிருந்து கீழ்நோக்கி இழுத்தாலே பெரும்பகுதி பட்டையாக வந்துவிடும். அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைக் காகிதத்துக்குத்தான் வேலை. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சிறிதளவு கலந்து தெளித்து, பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, பட்டித் தகட்டைச் சாய்வாகப் பிடித்து வழித்தால் சேறு போல வரும். ஊறாமல் சுரண்டுவதுதான் சுவரைக் காயப்படுத்தும். பிடிவாதமான இடத்தில் ஈரத் துணியை விரித்து, இஸ்திரிப் பெட்டியை மேலே வைத்து எடுத்தால் ஆவியில் இளகும்.

தாள் வந்துவிட்டதும் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பெரும் பிழை. கண்ணுக்குத் தெரியாமல் பசை சுவரில் மிச்சமிருக்கும். நனைத்த உள்ளங்கையால் சுவரைத் தேய்த்துப் பாருங்கள். கஞ்சி போட்ட துணி போல வழுக்கினால் இன்னும் கழுவ வேண்டும். ஸ்டார்ச் பசையானால் மருந்துக் கடையில் கிடைக்கும் டிங்க்சர் அயோடினைத் துளி தண்ணீரில் கலந்து தொட்டுவைத்தால் நீலக் கறுப்பாக மாறிக் காட்டிக்கொடுக்கும். இந்த மிச்சப் பசையின் மேல் பட்டி வைத்தால், முதல் மழைக்காலத்திலேயே ஓடு ஓடாகப் பெயரும். பசையும் காகிதமும் ராமபாணப் பூச்சிக்கும் கரையானுக்கும் விருந்து என்பதும் கழுவச் சொல்வதற்கு இன்னொரு காரணம்.

சத்துவாச்சாரியில் எங்கள் வரவேற்பறைக்கு, ஏறத்தாழ 390 சதுர அடிக்கு, உரிக்க இரண்டு நாள், கழுவிக் காய மூன்று நாள், பட்டி இரண்டு கை பார்த்துத் தேய்க்க மூன்று நாள், பிரைமரும் இரண்டு கோட்டிங்கும் சேர்ந்து மூன்று நாள் என மொத்தம் 11 நாள் ஆயிற்று. பட்டி மட்டும் 40 கிலோ மூட்டை ஒன்று. மறைமுகச் செலவு என்றால், சோபாவும் பீரோவும் ஹாலிலிருந்து படுக்கையறைக்கு வந்து பதினொரு நாள் நடக்க வழியில்லாமல் நின்றது. அதன் பிறகு அந்தச் சுவரைப் பற்றி நான் யோசிக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

அக்கா வீட்டில் நடந்தது வேறு. வேலூர் சைதாப்பேட்டையில் அவர்களுடையது சுண்ணாம்புக் காரை பூசிய பழைய வீடு. எங்கள் வீட்டு வெற்றியின் தைரியத்தில், “எல்லாத்தையும் உரிச்சிடுக்கா” என்று நான்தான் சொன்னேன். தாளின் அடியில் பல அடுக்கு வெள்ளையும் டிஸ்டெம்பரும் இருந்தன. தாள் ஒட்டியிருந்தது அந்தப் பொடி அடுக்கின் மேல். தண்ணீர் பட்டதும் தாளோடு டிஸ்டெம்பர் வந்தது, டிஸ்டெம்பரோடு காரை தோசைக்கல் அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. பெயிண்ட் வேலையாகத் தொடங்கியது கொத்தனார் வேலையாக முடிந்தது. அந்தச் சுவர் உலர்ந்த உட்சுவர், தாளும் பெரும்பாலும் கெட்டியாகத்தான் இருந்தது. பூச்சு வேலைக்குப் பணம் சேரும் வரை தாளின் மேலேயே ஆயில் பேஸ் பிரைமர் போட்டு ஒப்பேற்றியிருக்கலாம். அக்கா இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார். ஆகவே பழைய காரைச் சுவரானால், பீரோவுக்குப் பின்னால் ஓதச் சோதனைக்கு வெட்டும் அதே இடத்தில், தாளை நனைத்து உரித்து, அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகே முடிவெடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. தாளுக்கு அடியில் பழைய ஆயில் பெயிண்ட் இருந்தால் அதை உலர்வாகத் தேய்க்க வேண்டாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. அந்தத் தூசி குழந்தைகளுக்கு நஞ்சு. நனைத்துத் தேய்த்து, துடைத்த துணியை எறிந்துவிடுங்கள்.

## வழி 3: மேல்தோலை மட்டும் உரிப்பது

வினைல் தாளுக்கு மட்டும் பொருந்தும் நடுவழி இது. மேல்தோலை உலர்வாகவே இழுத்து எடுத்துவிட்டு, அடியில் கெட்டியாக ஒட்டியிருக்கும் வெள்ளைக் காகிதத்தை அப்படியே விட்டு, அதன் மேல் ஆயில் பேஸ் பிரைமரும் எமல்ஷனும் அடிப்பது. வடிவமும் புடைப்பும் போய்விடும், வினைலின் வழுக்கலில் பெயிண்ட் பிடிக்காத தொல்லையும் இல்லை. ஆனால் அந்தக் காகிதம் ஒரே சீராக ஒட்டியிருப்பது அரிது. பத்தடிச் சுவரில் இரண்டு மூன்று இடத்தில் கிழிந்து வந்தால் மேடு பள்ளத்தை மட்டமாக்குவதற்குள் உரித்தே இருக்கலாம் என்று தோன்றிவிடும். முதல் பட்டையை இழுக்கும்போதே தெரிந்துவிடும். காகிதம் அசையாமல் நின்றால் தொடருங்கள், கூடவே வந்தால் வழி 2க்குப் போங்கள்.

## வழி 4: மேலே வேறொன்றை மூடுவது

பழைய தாளின் மேல் புதுத் தாள் ஒட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு தாளின் கனத்தையும் பழைய பசைதான் தாங்க வேண்டும். பி.வி.சி. பலகை அடிப்பது இப்போது பரவலாகிவருகிறது. ஓரிரு நாளில் வேலை முடியும், சுவரின் குறை எதுவும் தெரியாது. தெரியாது என்பதே அதன் ஆபத்தும்: பின்னால் ஓதமோ கரையானோ இருந்தால் அது வாசற்காலுக்கு வந்த பிறகுதான் நமக்குத் தெரியும்.

## ஒரு பார்வையில்

| அளவுகோல் | மேலேயே பெயிண்ட் | முழுதும் உரித்து | மேல்தோல் மட்டும் உரித்து | பி.வி.சி. பலகை |
|---|---|---|---|---|
| ஓர் அறைக்கு நாள் | 4 முதல் 5 | 10 முதல் 12 | 5 முதல் 7 | 1 முதல் 2 |
| ஓதமுள்ள சுவர் | கூடாது | ஓதத்தைச் சரிசெய்த பின் | கூடாது | கூடாது |
| பழைய காரைச் சுவர் | உலர்ந்திருந்தால் தற்காலிகமாக | பூச்சு வேலைக்குத் தயாராக இருந்தால் | உலர்ந்திருந்தால் முயலலாம் | ஆணி தாங்குமா என்று பார்த்து |
| சுவரின் வழவழப்பு | இணைப்பு தெரியும் | முழுமை | நடுத்தரம் | பலகைக் கோடு தெரியும் |
| மறைந்த செலவு | பிறகு உரிப்பது இரட்டை வேலை | சாமான் நகர்த்தல், தூசி, பூச்சு பெயர்தல் | கிழிந்த இடங்களை மட்டமாக்கல் | பின்னால் நடப்பது தெரியாது |
| யாருக்கு | ஓரிரு ஆண்டுக்கு | சொந்த வீட்டுக்கு | கெட்டியான வினைல் தாளுக்கு | அவசரமும் உலர்ந்த சுவரும் உள்ளவருக்கு |

## எப்போது, எப்படிப் பேசி முடிப்பது

உரிப்பது என்று முடிவானால் மாதம் பார்ப்பதும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையால் சுவர் காயாது. கழுவிய சுவருக்கு மூன்று நாள் போதும் என்ற என் கணக்கு அப்போது செல்லாது. மார்கழியில் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வேலை குவிந்து, கேட்ட கூலியைக் கொடுத்தாலும் ஆள் கிடைப்பது கடினம். அக்னி நட்சத்திர வெயிலில் எமல்ஷன் ரோலரை இழுப்பதற்குள் காய்ந்து கோடு விழும். தை பிற்பகுதி முதல் பங்குனி வரை சுவரும் உலர்ந்திருக்கும், ஆட்களும் ஓய்வாக இருப்பார்கள்.

கூலி பேசும்போது உரிக்கும் வேலையையும் பெயிண்ட் வேலையையும் ஒரே சதுர அடி விலையில் சேர்த்துப் பேசாதீர்கள். சேர்த்துப் பேசினால், தாள் வர மறுக்கும் இடத்தில் அவசரமாகச் சுரண்டி, கழுவாமல் பட்டியால் மூடிவிடத் தோன்றுவது யாருக்கும் இயல்பு. உரிப்பதற்கு நாள் கூலி, பட்டி முதல் பெயிண்ட் வரை சதுர அடி விலை என்று பிரித்து வைத்துக்கொண்டு, பட்டி தொடங்கும் நாளன்று காலையில் நீங்களே உள்ளங்கையை நனைத்துச் சுவரை ஒருமுறை தேய்த்துப் பார்த்துவிடுங்கள்.